வினாவும் விடையும்: கட்டற்ற மென்பொருட் பயனாய்வுக்கான வினாநிரல் குறித்த ஒரு திறனாய்வு

வினாவையும் விடையையும் பற்றித் தமிழிலக்கணம் நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளது. தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்திலேயே செப்பு வினா ஆகிய இரண்டன் வழுவமைதியை ஆராய்கின்றார். பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்து வைத்தார். பாட்டும் உரையும் பயில்வார்க்கு இவை பயன்படுதல் யாவரும் அறிந்தது. இக்காலத்தே எழுந்துள்ள வேறொரு துறைக்கும் இவ்விலக்கணம் துணையாதல் கூடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மென்பொருளைப் பயன்படுத்துவோரிடம் அதன் எளிமை அருமைகளைக் கேட்டறியும் வினாநிரலை யாம் ஈண்டு ஒரு பனுவலாகவே கொண்டு திறனாய்கின்றோம்.

1. ஆய்பொருளும் அதன் இன்றியமையாமையும்

மூலநிரலை எவரும் காணவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையளிப்பது கட்டற்ற மென்பொருள். 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம் இவ்வியக்கத்தின் தொடக்கமாகும். திறமூலம் என்னும் பெயர் 1998இல் தோன்றியது. தமிழ்நாட்டிலும் தமிழர் வாழும் பிற நாடுகளிலும் ஆர்வலர் பலர் ஊதியம் கருதாது இத்துறையில் உழைத்து வருகின்றனர். தமிழ் உள்ளீட்டுக் கருவியாகிய எ-கலப்பை அத்தகைய உழைப்பின் விளைவு. லிப்ரெஓபிஸ், பயர்பாக்ஸ் போன்ற மென்பொருள்களின் தமிழ் முகப்பும் அத்தகையதே.

விலைக்கு விற்கும் பொருளுக்கு விற்பனைக் கணக்கு ஒரு சான்று. வாங்கியோர் குறைகூறி மீண்டு வருதல் மற்றொரு சான்று. விலையின்றி இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்கோ இவ்விரண்டும் அரிய. பயன்படுத்த முயன்று இயலாது கைவிட்டவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாது விலகுகின்றார். டேவிட் நிக்கல்ஸ், மைக்கேல் ட்விடேல் என்னும் இருவரும் 2003இல் எழுதிய கட்டுரையில், இத்துறையில் நிரல் எழுதுவோர்க்கும் பொதுமக்களாகிய பயனர்க்கும் இடையேயுள்ள தொலைவை விரித்துரைத்தனர். அத்தொலைவைக் குறைக்கும் வழிகளுள் வினாநிரலும் ஒன்று. வினா வழுவுமாயின் விடையும் வழுவும். வழுவிய விடையை நம்பி ஆர்வலர் தம் ஓய்வு நேரத்தையெல்லாம் வேண்டாத திருத்தங்களிற் செலவிட நேரும். ஆதலின் இது கணிப்பொறித் துறையார்க்கு மட்டும் உரிய சிக்கலன்று, மொழியாய்வோர்க்கும் உரியது.

2. பயனர் யாவர்?

பயன்படுதன்மை என்பது மென்பொருளில் மட்டும் உறைவதன்று. 9241-11 என்னும் எண்ணுடைய பன்னாட்டுத் தரம் (1998, திருத்தம் 2018), குறித்த பயனர், குறித்த நோக்கத்திற்காக, குறித்த சூழலில் ஒன்றைப் பயன்படுத்துங்கால் எய்தும் பயன்விளைவு, முயற்சிச் சிக்கனம், மனநிறைவு ஆகிய மூன்றனையும் கொண்டே அதனை வரையறுக்கின்றது. ஆகவே, ‘யார், எங்கே, எதன்பொருட்டு’ என்பன தெளிவுபடாமல் வினாநிரல் அமைத்தல், திணையும் துறையும் அறியாது அகப்பாட்டிற்கு உரைகாண்பது போலாகும்.

திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் எடுத்துக்கொள்வோம். பூட்டுத் தொழிலாலும் தோல் பதனிடும் தொழிலாலும் பெயர்பெற்றது இந்நகர். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தை; நிலக்கோட்டையில் பூச்சந்தை; வேடசந்தூர்ப் பகுதியில் நூற்பாலைகள்; சின்னாளபட்டியில் கைத்தறி; அதனை அடுத்துக் காந்திகிராமக் கிராமிய நிறுவனம். இவ்விடங்களில் தமிழ் மென்பொருளைக் கையாளுவோர் ஒருதன்மையர் அல்லர். பத்திரம் எழுதுவோர், அச்சுக்கடைத் தட்டச்சர், சந்தைக் கணக்கர், மகளிர் தன்னுதவிக் குழுவின் கணக்கெழுதுவோர், கல்லூரி மாணாக்கர் எனப் பலராவர். தெலுங்கோ கன்னடமோ சௌராட்டிரமோ வீட்டு மொழியாகவும், தமிழ் எழுத்து மொழியாகவும் உடையாரும் இவருள் உளர்.

இவர்களிடம் இணையவழிப் படிவம் ஒன்றனை அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருப்பின், அப்படிவத்தை நிரப்ப வல்லவரே விடை தருவர். எழுதத் தெரியாமல் இடர்ப்பட்டவர் அந்நிரலில் இடம்பெறார். பூட்டைத் திறக்க இயன்றவரை மட்டும் அழைத்துப் பூட்டின் குறையைக் கேட்டறிய முனைதல் போன்றது இது.

3. வழங்கிவரும் அளவுகோல்: நிறையும் குறையும்

உலகெங்கும் மிகுதியாக வழங்கும் வினாநிரல், இங்கிலாந்தில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் புரூக் 1986இல் அமைத்து 1996இல் வெளியிட்ட பயன்படுதன்மை அளவுகோலாகும். அதில் பத்துக் கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றற்கும் முற்றும் மறுத்தல் முதல் முற்றும் உடன்படல் ஈறாக ஐந்து நிலைகள். ஒற்றைப்படைக் கூற்றுகள் புகழ்வன. இரட்டைப்படைக் கூற்றுகள் குறைகூறுவன. முன்னதன் மதிப்பில் ஒன்றைக் கழித்தும், பின்னதன் மதிப்பை ஐந்திலிருந்து கழித்தும், வந்த தொகையை இரண்டரையாற் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் கிடைக்கும்.

இதன் நிறை முதலில் கூறத்தக்கது. சுருக்கமானது, எத்தகைய கருவிக்கும் பொருந்துவது, எல்லாவற்றிற்கும் தலையசைப்பாரின் இயல்பு மதிப்பெண்ணை உயர்த்தாதவாறு புகழையும் குறையையும் மாறிமாறி வைத்துள்ளது. எனினும் இவ்வமைப்பின் விளைவொன்று நோக்கத்தக்கது. பத்துக் கூற்றுகளுக்கும் நடுநிலையைக் குறிப்பவர் பெறும் மதிப்பெண் 50. படியாமலே பத்திற்கும் முற்றும் உடன்படுவோர் பெறுவதும் 50. பத்தையும் முற்றும் மறுப்பவர்க்கும் அதுவே. இடர்ப்பாடும் எளிமையும் கலந்துற்று உள்ளபடி விடையளித்து 50 பெற்றவரும் இவர்களும் தொகைக்கணக்கில் ஒருவராகவே தோன்றுவர். எனவே, மதிப்பெண்ணை மட்டும் நோக்காது விடைத்தாளையும் தனித்தனியே நோக்குதல் ஆய்வோன் கடன்.

ஜெஃப் சௌரோ, ஜேம்ஸ் லூயிஸ் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மாறிமாறி வரும் இவ்வமைப்பு விடையளிப்போரையும், மதிப்பெண் இடுவோரையுமே பிழைபடச் செய்வதைக் காட்டினர். தமிழில் இவ்விடர் மிகும் என்பது எம் கருத்து. ‘இதில் தேவையற்ற சிக்கல் உள்ளது’ என்னும் கூற்றுக்கு ‘உடன்படவில்லை’ என விடையிறுப்பவர், அற்ற என்னும் எதிர்மறையையும் இல்லை என்னும் எதிர்மறையையும் ஒருசேர எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேலைக்கிடையே நின்று விடையளிப்பார்க்கு இது சுமையாகும்.

சொல்லாட்சி பற்றிய குறை இன்னும் ஆழமானது. எட்டாம் கூற்றில் வரும் ஆங்கிலச் சொல்லொன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார்க்கு விளங்காமையை 2006இல் கிரெய்க் ஃபின்ஸ்டாட் எடுத்துக்காட்டினார். பின்னர் எளிய சொல்லொன்று அதனிடத்தே வழங்கலாயிற்று. ஒரே மொழியினுள்ளேயே இவ்விடர் உண்டெனில், மொழிபெயர்ப்பில் நேர்வதைக் கூறவேண்டுவதில்லை.

சொல்லேயன்றிப் பொருளும் நிலத்திற்கேற்ப வேறுபடும். முதற்கூற்று, அடிக்கடி பயன்படுத்தும் விருப்பத்தை வினவுகின்றது. பத்திரம் எழுதுவோர் தொழில்பற்றி நாள்தோறும் பயன்படுத்துவர். குழுக் கணக்கெழுதும் பெண்மணி திங்களுக்கு ஒருமுறை பயன்படுத்துவார். இவ்வேறுபாடு தொழிலால் வந்ததேயன்றி எளிமையால் வந்ததன்று. நான்காம் கூற்று, தொழில்நுட்பம் அறிந்தார் துணை வேண்டுமா என வினவுகின்றது. தம்பி மகனையோ பக்கத்துக் கடைப் பிள்ளையையோ அழைத்துச் செய்வித்தல் எம்மூர்களில் இயல்பான ஒழுகலாறு. அதனைத் துணை என்றே பலர் எண்ணார். ஆகவே ‘துணை வேண்டா’ என்று நேர்மையாகவே விடையளிப்பர்.

இவற்றினும் பெரிது கண்ணோட்டம். திருக்குறள் ஓர் அதிகாரமாகவே வகுத்துப் போற்றும் இப்பண்பு வினாவிடையில் ஆய்வோனுக்கு இடராக முடிகின்றது. வீடுதேடி வந்து வினவுவானிடம் அவன் கொணர்ந்த பொருளைக் குறைகூறுதல் நம் மக்களுக்கு எளிதன்று. ஆயினும் ஏழாம் கூற்று இங்கே கைகொடுக்கின்றது. அது தம்மைப் பற்றியன்றிப் பிறர் விரைந்து கற்பரா என்பதைப் பற்றியது. தம் இடரைக் கூற நாணுவோர், ‘எங்கள் அக்காளுக்கு இது பிடிபடாது’ எனப் பிறர்மேல் வைத்துக் கூறுதல் கூடும். மேலைநாட்டார் வேறு கருத்தோடு வைத்த கூற்று நம் சூழலில் இப்பயனைத் தருதல் குறிக்கத்தக்கது.

4. நன்னூல் காட்டும் வழி

நன்னூலார் கூறும் வினாவகைகளுள் ஆய்வுக்கு உரியது அறியான் வினா. ஆய்வோன் தான் அறியாததை அறியவே வினவுதல் வேண்டும். நடைமுறையிலோ பிறவகை வினாக்களே வினாநிரலிற் புகுந்து விடுகின்றன. ‘கோப்பைச் சேமிக்கும் பொத்தான் எங்குள்ளது?’ என்பது ஆசிரியன் மாணவனை வினவும் அறிவினா. அதைக் கேட்டவர் தம்மைத் தேர்வு செய்வதாகக் கருதி அஞ்சுவர். ‘தமிழ் மென்பொருளை நாம் ஆதரிக்க வேண்டாவா?’ என்பது வினாவடிவில் வந்த ஏவல். அதற்கு ‘ஆம்’ என்பதல்லது விடையில்லை. ஐந்து நிலைகளுள் ஒன்றைத் தேர்க எனல் ஐயவினாவின் பாற்படும். வினவுவோன் தன் ஐயத்திற்குள் அடக்கிய விடைகளுக்குப் புறத்தே விடையிருக்க இடமில்லை.

விடைவகை எட்டனுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றே நேர்விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பாற் பொருள் தருவன. வினாநிரலின் கட்டங்கள் நேரையும் மறையையும் மட்டுமே ஏற்கும். நம் மக்களோ பெரும்பாலும் ஏனைய ஐந்தன் வழியே உண்மை உரைப்பர்.

இதனை யாம் நேரிற் கண்டோம். திண்டுக்கல்லில் அச்சுக்கடை ஒன்றில் பல்லாண்டுகளாகத் தமிழ்த் தட்டச்சு செய்துவரும் பெரியவர் ஒருவரை, ‘இந்த மென்பொருள் எளிதாக இருக்கிறதா, ஐயா?’ என வினவினோம். ‘பழகிப் போச்சுங்க’ என்றார். படிவத்தில் இது ‘உடன்படுகிறேன்’ என்றே பதிவாகும். இலக்கணம் பயின்றார்க்கோ இஃது உற்றதுரைத்தல் என்னும் விடையாகப் புலப்படும். எளிது எனவும் கூறவில்லை, அன்று எனவும் கூறவில்லை. தமக்கு நேர்ந்ததைக் கூறினார். ஆகவே அவர் வேலை செய்வதை அருகிருந்து நோக்கினோம். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு, பின் அதனை வேறொரு கருவியால் ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றத்திற் சிதைந்த எழுத்துகளைக் கையாலே திருத்திக்கொண்டிருந்தார். நேரே ஒருங்குறியில் எழுதாமைக்குக் காரணம் கேட்டபோது, ‘அந்த விசைப்பலகை கைக்கு வரலைங்க’ என்றார். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை அவர் கருதினார். அவர் கை பழகியது தட்டச்சுப்பொறி முறை. எ-கலப்பை உள்ளிட்ட உள்ளீட்டுக் கருவிகளில் ஒருங்குறியிலேயே தட்டச்சுப்பொறி முறையும் உண்டு என்பதை அவர் அறிந்திலர்.

அவர் துன்பத்திற்கு மருந்து முன்பே இருந்தது. அது மருந்தென அவர்க்குத் தெரியவில்லை. அவர்க்குத் தெரியாதென மருந்து செய்தார்க்கும் தெரியவில்லை. ‘உடன்படுகிறேன்’ என்னும் கட்டத்தில் இட்ட குறி இவ்விரு அறியாமையையும் அப்படியே நிலைநிறுத்தியிருக்கும்.

5. வினாநிரல் அமைக்கும் முறை

மேற்கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, வினாவுக்கு முன் வினை வேண்டும். பயனர் தம் தொழிலுக்குரிய சிறுபணி ஒன்றைச் செய்ய, ஆய்வோன் அருகிருந்து காணல் வேண்டும். அதன்பின்னரே வினவுதல் முறை. இரண்டாவது, கருத்தை வினவுமுன் நிகழ்ச்சியை வினவுக. ‘எளிதா?’ என்பதினும், ‘சென்ற வாரம் இதில் என்ன எழுதினீர்கள்? எந்த இடத்தில் கை நின்றது? நின்றபோது யாரைக் கேட்டீர்கள்?’ என்பன நன்று. யாரைக் கேட்டீர்கள் என்பது துணைபெறுதலை இயல்பாகக் கொண்டு வினவுதலின் நாணத்திற்கு இடந்தராது.

மூன்றாவது, நூற்குற்றம் பத்தனையும் வினாவுக்கும் உரைகல்லாகக் கொள்க. ‘விரைவாகவும் எளிதாகவும் உள்ளதா?’ என்பது மயங்க வைத்தல். விரைவுண்டு எளிமையில்லை என்பார் எங்கே குறியிடுவார்? இதனை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். ஒரே கருத்தைச் சொல் மாற்றிப் பலகாற் கேட்டல் கூறியது கூறல். நான்காவது, எழுத்து வழக்கில் அமைந்த வினாவை அவ்வூர்ப் பேச்சு வழக்கில் மரியாதையோடு வினவுக. அதற்கென முன்பே சிலரிடம் வினவி, அவர் வினாவை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதை அவர் வாய்மொழியாலேயே கேட்டுத் திருத்துக. ஐந்தாவது, கட்டங்களுக்குக் கீழே பயனர் கூறிய சொற்களை உள்ளவாறே எழுத இடம் விடுக. புரூக்கின் அளவுகோலை அறவே நீக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. பிறநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிடுதற்கு அது வேண்டும். ஆனால் அது நிரலின் ஒரு பகுதியாக நிற்க வேண்டுமேயன்றி முழுமையாக நிற்றலாகாது.

இம்முறையில் காலமும் உழைப்பும் மிகும். ஆயிரவரை வினவுதல் இயலாது என்பர். உண்மையே. எத்துணைப் பேர் இடர்ப்படுகின்றனர் என்று அறியப் பெருந்தொகை வேண்டும். இடர் யாது, அஃது எங்ஙனம் நேர்கின்றது என்று அறியச் சிலரை ஊன்றி நோக்குதல் வேண்டும். பின்னதைச் செய்யாமல் முன்னதைச் செய்யின், எதனை எண்ணுகின்றோம் என்று அறியாமலே எண்ணுவோம்.

இப்பணிக்குத் தமிழ்த்துறை முதுகலை மாணாக்கர் பெரிதும் தகுதியுடையர் என்பது எம் துணிபு. குறிப்பாற் பொருள் உணர்தல் அவர்தம் நாட்பயிற்சி. மூலநிரலைத் திருத்த அவர் வல்லரல்லராயினும், ‘பழகிப் போச்சுங்க’ என்னும் விடையின் பொருளை நிரல் எழுதுவோர்க்கு எடுத்துரைக்க வல்லர். விடுமுறை நாட்களில் தத்தம் ஊரில் ஐவரிடமேனும் இவ்வாறு அமர்ந்து கேட்டு, கேட்டதை உள்ளவாறு எழுதி, மென்பொருள் ஆக்கும் ஆர்வலர்க்கு அனுப்புவாராயின், அவ்வுழைப்பு வீண்போகாது. அச்சுக்கடைப் பெரியவர் போன்றார் கைவலியிற் சிறிதேனும் குறையுமெனின், வினாவிலக்கணம் கற்றதன் பயனை நாமும் எய்தியவராவோம்.