லான்சியா ஃபுல்வியா 1.6 எச்.எஃப்: மலைக்கென்றே மெலிந்த கார்

115 குதிரைத்திறன் இன்று சாதாரணக் குடும்பக் காரிலேயே கிடைக்கிறது. ஆனால் லான்சியா ஃபுல்வியா கூபே 1.6 எச்.எஃப். காரின் எடை சுமார் 850 கிலோதான். கதவுகள், பானெட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். இத்தாலியர்கள் ஏன் இப்படிக் கிலோ கிலோவாகச் செதுக்கினார்கள் என்பது, பிரான்சின் கோல் தெ துரினி மலைச்சாலையில் இதை ஓட்டியபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

சோஸ்பெல்லிலிருந்து 1,607 மீட்டர் உயரத்துக்கு ஏறும் சாலை அது. கொண்டை ஊசி வளைவுகளுக்குக் குறைவில்லை. முதல் கியர் இடப்பக்கம் கீழே இருப்பதால், வளைவுகளில் ஓயாமல் மாற்றவேண்டிய இரண்டாவதும் மூன்றாவதும் நேர்கோட்டில் அமைந்துவிடுகின்றன. 1,584 சி.சி. வி4 இன்ஜினில் சிலிண்டர் வரிசைகள் மிக நெருங்கி நிற்பதால் இரண்டுக்கும் ஒரே ஹெட் போதுமாயிருக்கிறது. மெதுவாகப் போகையில் அது சற்று மந்தம்தான். சுழற்சி ஏறியதும் குரல் கரகரத்து, கார் துள்ளி எழுகிறது.

இன்ஜின் முன் அச்சையும் தாண்டி உட்கார்ந்திருப்பதால் மூக்குப் பாரம் அதிகம். அவசரப்பட்டு வளைவில் நுழைந்தால் முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் வழுக்கும். பிரேக்கை முன்பே முடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுங்கள். வால் சற்று விலக, மூக்கு உள்ளே திரும்பும். மறுபடி மிதித்தால் முன்சக்கரங்கள் காரை வெளியே இழுத்துவந்துவிடும். இந்தத் தாளம் பிடிபட்டபின் இறங்க மனம் வரவில்லை.

பனியில் அந்த மூக்குப் பாரமே வரம். இழுக்கும் சக்கரங்களை அது தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. 1972 ஜனவரியில் ஓட்டுநர் சாண்ட்ரோ முனாரியும் இணை ஓட்டுநர் மாரியோ மனூச்சியும் இதே மாடல் காரில், இதைவிட வேகமான ஆல்பைன், போர்ஷே கார்களைப் பின்தள்ளி மான்டி கார்லோ ரேலியை வென்றார்கள். அவ்வாண்டு ரேலி உற்பத்தியாளர் பட்டமும் லான்சியாவுக்கே போனது.

நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங் கனக்கும். உள்ளே இரைச்சலும் உண்டு. மலையில் இரண்டும் பொருட்டல்ல. மெல்லிய தூண்களுக்கிடையே வளைவின் மறுமுனைவரை பார்வை தடையின்றிப் போகிறது.

வாங்க நினைப்பவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். இன்ஜினைத் தாங்கும் முன் சட்டம் உடலோடு சேருமிடத்தில் துரு இருக்கிறதா என்று காரைத் தூக்கிப் பாருங்கள். அங்கே அரித்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.