அளக்காத கூலி

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது தலித்துகள் மத்தியிலிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. நமக்குள் இருக்கும் சாதியை ஊர்க்காரனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். எம்.ஏ. படிக்கும்போது வாசித்த எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. சங்க வேலைக்கு வந்தபிறகு திரும்பப் படித்தேன். அது கூலியைப் பற்றிய நாவல். எவ்வளவு என்று யாரும் சொல்லாத கூலியைப் பற்றிய நாவல்.

ஆரோக்கியம் புதிரை வண்ணாத்தி. பறத்தெருவுக்குத் துணி வெளுக்கிறாள், பிரசவம் பார்க்கிறாள், சாவுக்கு நிற்கிறாள். அதற்குக் கிடைப்பது ராத்திரியில் வீடு வீடாகப் போய் எடுக்கும் சோறும், களத்தில் போடும் தானியமும்தான். இத்தனை மரக்கால் என்று பேச்சே இல்லை. கொடுக்கிறவன் கைதான் அளவு. அந்தக் கை சுருங்கும்போது ‘கொறச்சிட்டீங்களே’ என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். அவளிடம் இருப்பதோ கெஞ்சல் மட்டும். காலனிக்கு ஒரு வண்ணார் குடும்பம் என்பதுதான் வழக்கம்; ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஆளும் கிடையாது.

நாவல் மீது எனக்குக் குறை உண்டு. ஆரோக்கியம் பழைய முறையே திரும்பி வரட்டும் என்று அழுகிறாள். இமையமும் அந்த ஒப்பாரியை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. பழைய முறையில் மட்டும் என்ன அளவு இருந்தது?

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறிக் கல்வராயன் மலைக்குப் போய்ப் பார்க்கலாம். ஜாகீர்தார்களுக்குச் சும்மா உழைத்த மலையாளி மக்களின் மலை அது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. போன வருஷம் வெள்ளிமலையில் ஒரு ஆயா சொன்னது: “மேஸ்திரி முன்பணம் குடுத்தான் தம்பி. நோட்டு அவங்கிட்ட. எம்மவனுக்கு எவ்ளோ, பக்கத்து ஊட்டுப் பையனுக்கு எவ்ளோ, ரெண்டு பேருக்கும் தெரியாது. கேட்டா அடுத்த வாட்டி கூப்புட மாட்டான்.”

“சட்டம் இருக்குது ஆயா” என்றேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் 50ஆம் பிரிவுப்படி முதலாளி பதிவேடு வைக்க வேண்டும், கூலி விகிதத்தைப் பலகையில் எழுதிப்போட வேண்டும், சம்பளச் சீட்டு தர வேண்டும். ஆயாவின் மகன் மாதிரி கும்பலாகப் போகிறவர்கள் இதைக் காட்டிக் கேட்கலாம், துணிச்சல் இருந்தால். ஆனால் அதே பிரிவின் நாலாவது உட்பிரிவு என்ன சொல்கிறது? விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மேல் வைக்காதவருக்கு இது எதுவும் கிடையாது. இன்ஸ்பெக்டர் கேட்டால் கூலி கொடுத்ததற்குச் சான்று காட்டினால் போதும். இன்ஸ்பெக்டர் கேட்டால்! களை எடுத்தவள் கேட்டால் இல்லை.

அமெரிக்காவில் 1935இல் வந்த தொழிலுறவுச் சட்டம், தொழிலாளிகள் ஒருவருக்கொருவர் சம்பளத்தைப் பேசிக்கொள்வதற்குப் பாதுகாப்புத் தந்தது. அதிலும் வெளியே விடப்பட்டவர்கள் பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும். தெற்கு மாநிலங்களில் அந்த வேலைகளில் பெரும்பாலும் இருந்தவர்கள் கறுப்பு மக்கள். இரண்டு நாட்டிலும் அதே இரண்டு வேலை. தற்செயல் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் சட்டத்தைத் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. அதனால்தான் ‘கோவேறு கழுதைகள்’ இன்னும் குத்துகிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது ராத்திரியானால் வண்ணாத்தி சட்டியோடு எங்கள் வாசலில் நிற்பாள். அம்மா களியைக் கிள்ளிப் போடும். மிச்சம் இருந்தால் குழம்பு. யாரும் அளந்ததில்லை, அந்தம்மாவும் கேட்டதில்லை. அந்தம்மாவின் மருமகள்தான் இன்றைக்கும் எங்கள் தெருவில் சாவுக்கு வருகிறாள். போன மாதம் சங்கக் கூட்டத்தில், குறைந்தபட்சக் கூலி பேசி முடித்ததும், அவளுக்கு நாம் எவ்வளவு தருகிறோம் என்று கேட்டேன்.

“அது அவங்கவங்க இஷ்டம்பா” என்றார் பெரியப்பா. நாற்பது பேர் இருந்தோம். ஒருத்தரும் தொகை சொல்லவில்லை.