விழுப்புரத்தில் இறங்குவோர் யார்?

தமிழ்ப் புதினங்களில் ஊரைவிட்டுப் பட்டணம் போவோருக்குப் பஞ்சமில்லை. பட்டணத்தை விட்டு ஒரு சிறு நகரத்துக்குக் குடிபெயரலாமா என்று இரவெல்லாம் கணக்குப் பார்க்கும் குடும்பத்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வாழ்க்கையிலோ அத்தகைய குடும்பங்கள் நம்மைச் சுற்றிலும் இருக்கின்றன. சென்னையில் வாடகை உயர உயர, சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் திண்டிவனமும் 160 கிலோமீட்டரில் இருக்கும் விழுப்புரமும் அவர்கள் பேச்சில் அடிபடுகின்றன. இவர்களுக்கு நம் இலக்கியம் என்ன துணை செய்கிறது என்று கேட்டுப் பார்ப்பது வீண் வேலையாகாது.

விழுப்புரத்தின் பெயர் தமிழ் இலக்கிய வரலாற்றில் இல்லாமல் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன், சிறுவனாக வீட்டைவிட்டு ஓடி வந்து தம் மாமனிடம் தங்கியது அவ்வூரில்தான். பாரதியும் பொதுவுடைமையும் அவருக்கு அறிமுகமானதும் அங்கேதான். ஆயினும் 1946-லேயே அவர் சென்னை சேர்ந்துவிட்டார். 2015-இல் மறையும்வரை சென்னைவாசியாகவே இருந்தார். ஐந்து திசைகளுக்கு இருப்புப் பாதை பிரியும் அச்சந்திப்பு, அவருக்கும் ரயில் மாறும் இடமாகவே அமைந்தது போலும்!

அவரே 1973-இல் பயணத்தைத் திருப்பி எழுதினார். 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில், பெங்களூரிலிருந்து ஹென்றி கிருஷ்ணராஜபுரம் என்னும் சிற்றூருக்கு வருகிறான். வளர்ப்புத் தந்தை சபாபதிப் பிள்ளை விட்டுச் சென்ற பாழடைந்த வீடு ஒன்று அங்கே அவனுக்கு இருக்கிறது. நிலபுலனில் பங்கு கேட்கும் ஆசை அவனுக்கில்லை. வீடு ஒன்றே போதும். பகைக்க வேண்டிய துரைக்கண்ணு அவனைச் சொந்தமாகத் தழுவிக்கொள்கிறார். படித்து முடித்தவுடன் நெஞ்சு நிறைகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், குடிபெயர எண்ணும் குடும்பத்தலைவர் இந்நாவலை வழிகாட்டியாகக் கொள்வாராயின் ஏமாந்து போவார். ஹென்றிக்கு மனைவி மக்கள் இல்லை, பள்ளிக்கட்டணம் இல்லை, மாதாந்திர மருந்துச் சீட்டு இல்லை, வாடகைக்கு வீடு கேட்டு வாசல் வாசலாக நிற்கும் அவசியமும் இல்லை. சுமையே இல்லாத ஒருவனைச் சிற்றூருக்கு அனுப்பிவிட்டு, அச்சிற்றூர் சுமைதாங்கியாக இருக்கிறது என்று காட்டுவது எளிதன்றோ?

மறுபக்கத்தை அறியத் தோப்பில் முஹம்மது மீரானிடம் போக வேண்டும். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988-இல் நூலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை நம் வாசகர்களுக்கு நாம் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆங்கிலப் பள்ளிக்கு ஆசிரியராக வெளியூரிலிருந்து வரும் மஹ்பூப்கானை இப்போது மறுபடி பாருங்கள். ஹென்றியைப் போல அவரும் வந்தேறியே. அவரை யாரும் தழுவிக்கொள்ளவில்லை. வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளியின் சொல்லே சட்டமாக இருக்கும் ஊரில், புதியவர் கொண்டுவரும் கல்வியே குற்றமாகிவிடுகிறது. ஊரில் பிறந்து வளர்ந்த சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதுக்கே நிமிர்ந்து நிற்கப் பெரும்பாடு என்றால், வந்தவர் கதி என்ன? எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் பரிவும் கண்காணிப்பும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன என்பதை மீரானைப் போல் உரைத்தவர் வேறொருவர் நினைவுக்கு வரவில்லை. தேங்காய்ப்பட்டணத்தை இவ்வளவு கூர்மையாகக் கண்ட அவரும் பிற்காலத்தில் திருநெல்வேலிவாசியாகவே வாழ்ந்தார் என்பதை இடையில் சொல்லி வைக்கிறோம்.

அப்படியானால் பட்டணமே மேலென்று இருந்துவிடலாமா? ஹென்றி பிறந்த அதே 1973-இல்தான் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலும் வெளிவந்தது. சென்னைத் தெருவொன்றில் குடத்தோடு அலையும் ஜமுனாவை 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நாம் தெருத்தெருவாகக் கண்டோம். 2015 டிசம்பரில் அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியதையும் கண்டோம்.

பட்டணத்தின் வறட்சியும் சிற்றூரின் பரிவும் கொடுமையும் ஆக மூன்றும் நமக்கு எழுத்தில் கிடைத்துவிட்டன. கிடைக்காதது நடுவிலிருக்கும் ஊர். விழுப்புரம் கிருஷ்ணராஜபுரமும் அன்று, தேங்காய்ப்பட்டணமும் அன்று. 1993-இல் அது மாவட்டத் தலைநகராயிற்று. அரசுக் கல்லூரி உண்டு. 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. விடியலில் தாம்பரத்துக்கு ரயிலேறுவோரும் உண்டு. அவர்கள் வீட்டை மாற்றியிருக்கிறார்கள், பிழைப்பை மாற்றவில்லை. மிச்சமான வாடகையை ரயிலில் கழியும் மணிநேரங்களாகச் செலுத்துகிறார்கள். இந்த அரைக் குடிபெயர்ப்பு நாவலாசிரியனுக்கு எத்தகைய புதையல்!

சிறு நகரம் என்றவுடன் மாசற்றது என்று எழுதிவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். வீடு பார்க்கச் செல்பவரிடம் பெயருக்கு அடுத்த கேள்வியாக எது வருகிறது என்பது சிலருக்குப் பொருட்டில்லை. சிலருக்கோ அதுவே முடிவைத் தீர்மானிக்கிறது.

நம்மவர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. புது மஹல்லாவில் சந்தா எழுதிப் பெயரைச் சேர்க்க வேண்டும். மகளின் நிக்காஹுக்கு எந்த ஜமாஅத்தின் கடிதம் செல்லும், கபரஸ்தானில் இடம் எங்கே என்பதெல்லாம் பெரியவர்கள் வாய்விட்டுக் கேளாமலே மனத்தில் புரட்டும் கேள்விகள். இவற்றைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. குடிபெயரும் முடிவை எடுப்பவர் பெரும்பாலும் கணவர். ரயிலேறிப் போய்விடுபவரும் அவரே. புது ஊரில் பகல் முழுவதும் இருக்கப் போகிறவள் மனைவி. சென்னையில் தனியாகப் பேருந்தேறி வேலைக்குச் சென்று பழகிய பெண்ணுக்கு, உறவென்று ஒருவரும் இல்லாத திண்டிவனத் தெருவில் அந்தப் பகல் எப்படிக் கழியும்? ஜமுனாவை எழுதிய மொழியில் இவளை எழுதுவதற்கு என்ன தடை?

வெள்ளத்துக்கு அஞ்சிச் சென்னையை விட்டவர்கள் நிலையையும் எண்ணிப் பார்க்கிறோம். 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் வண்டிகள் நின்றன. தாம்பரத்துக்குப் போக வேண்டியவர் அன்று வீட்டிலிருந்தார். பகலில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்பதை அவர் முதன்முதலாகப் பார்த்திருக்கக்கூடும். நாவல் அங்கிருந்து தொடங்கலாம்.