கிடைத்த வண்டியை ஓட்டும் கலை

2011 அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியன் கிராண்ட் பிரி நடந்தது. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 17-வதாக வந்தார். ஜெயித்த செபாஸ்டியன் வெட்டலைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. எனக்கோ பட்டியலின் அடிப்பகுதிதான் ருசித்தது. நரேனுக்கு அடுத்து, 18-வதாக வந்தவர் டேனியல் ரிக்கார்டோ. இருவருக்கும் ஒரே அணி, ஹெச்ஆர்டி. ஒரே மாதிரி கார். அந்த வருஷம் பாதியில் நரேனை இறக்கிவிட்டு அந்த இடத்தில்தான் ரிக்கார்டோவை உட்கார வைத்திருந்தார்கள். பின்னாளில் எட்டு கிராண்ட் பிரி ஜெயித்த ஆள் அவர். நரேனோ நான்கு மாதம் ஃபார்முலா ஒன் பந்தயமே ஓட்டாமல் இருந்து, அந்த ஒரு பந்தயத்துக்காக வந்தவர்.

இந்த விளையாட்டில் ஓட்டுநரை எடைபோடுவது கஷ்டம். கால் பங்கு ஆள், முக்கால் பங்கு வண்டி. அணித்தோழரோடு ஒப்பிடுவது ஒன்றுதான் ஓரளவு நம்பகமான வழி. அந்த வழி நரேனுக்கு எல்லாச் சமயத்திலும் சாதகமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2005-ல் ஜோர்டான் அணியில் அவரோடு ஓட்டிய டியாகோ மான்டெய்ரோ முதல் 16 பந்தயங்களையும் முடித்துக் காட்டினார். நரேனுக்கு அந்தப் பொறுமை அப்போது இல்லை. வேகம் இருந்தது.

வேகம் வந்த இடம் நம் கோயம்புத்தூர்தான். மில்லும் லேத்துப் பட்டறையும் சேர்ந்த ஊரில் பந்தயக் கார் முளைத்ததில் ஆச்சரியமில்லை. தகப்பனார் ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர். லட்சுமி மில் குடும்பத்து எஸ். கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பேர். 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். செட்டிபாளையம் டிராக் அவர் பேரில்தான் இருக்கிறது. ஸ்டேன்ஸ் பள்ளியில் படித்த நரேன் பந்தயம் பழகியது இந்த மாருதி வண்டியில். அவ்வளவு சின்ன இன்ஜினில் வளைவில் கொஞ்சம் வேகத்தை விட்டாலும் அடுத்த நேர்ப்பாதை முழுக்க அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. பிரேக்கைக் குறைவாகத் தொட்டு, வேகத்தைச் சிந்தாமல் வளைவுக்குள் கொண்டுபோகும் பழக்கம் வருவது இப்படிப்பட்ட வண்டிகளில்தான்.

அதற்குப் பிறகு அவர் போன இடங்களை ஒரு மூச்சில் சொல்ல முடியாது. பிரான்ஸில் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளி, 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடர், 1996-ல் ஃபார்முலா ஏசியா பட்டம், பிரிட்டிஷ் ஃபார்முலா 3, ஜப்பான், நிசான் வேர்ல்டு சீரிஸ். 2001 ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரை ஓட்டிப் பார்த்தபோது ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்த முதல் இந்தியர் ஆனார். ஜோர்டானுக்குப் பின் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநர், ஏ1 ஜிபியில் இந்திய அணி, 2009-ல் லு மான். லு மானில் பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து தோள்பட்டை நழுவி, ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை. இப்படியும் நடக்கும்.

2010-ல் அமெரிக்காவில் நாஸ்கார் டிரக் பந்தயம் ஓட்டினார். ஃபார்முலா காரில் இறக்கைகள் காற்றை வைத்து வண்டியைத் தரையோடு அழுத்தும். வேகம் அதிகமாக இருக்கும்போது பிடிப்பும் அதிகம். அதனால் பிரேக்கை முதலில் ஓங்கி மிதித்து, வேகம் குறையக் குறையக் காலைத் தளர்த்த வேண்டும். டிரக்கோ எடையில் இரண்டு மடங்குக்கு மேல்; அந்த அழுத்தம் கிடையாது; பிரேக் சூடேறினால் வலுவிழக்கும்; வளைவுகள் எல்லாம் இடப்பக்கம். பல வருஷம் பழகிய கால் தானாகச் செய்வதைத் தடுத்து வேறொன்று சொல்லிக்கொடுக்க வேண்டும். மார்ட்டின்ஸ்வில்லின் அரை மைல் வட்டத்தில் முதல் பந்தயத்திலேயே 13-வதாக வந்தார். கச்சேரிக்குக் கச்சேரி வேறு பாடகருக்கு வாசிக்கும் மிருதங்கக்காரருக்கு இந்த அவஸ்தை புரியும்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது அவர் வழிவிட்ட விதம். சிரிக்க வேண்டாம். ஹெச்ஆர்டி போன்ற கடைசி வரிசை அணியில் இருப்பவருக்கு ஒவ்வொரு பந்தயத்திலும் நீலக்கொடி காட்டுவார்கள்: பின்னால் முன்னணிக்காரர் வருகிறார், ஒதுங்கு. ஒதுங்கினால் பந்தயப் பாதையை விட்டு இறங்க வேண்டும். அங்கே தேய்ந்த ரப்பர் துணுக்குகள் கிடக்கும், டயரில் அப்பிக்கொள்ளும், பிடிப்பு போகும். வேகம் குறைந்ததில் டயரும் பிரேக்கும் ஆறிப்போகும். அதைச் சரிசெய்வதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். தன் பந்தயத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் பிறர் பந்தயத்தையும் கெடுக்காமல் ஒதுங்குவதற்கு, எந்த வளைவின் வாயில், எந்த நொடியில் என்று பத்து வினாடி முன்பே தீர்மானிக்க வேண்டும். நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது. 2012 மலேசியாவில் ஒருமுறை படாமல் போகவில்லை. நான்காவதாக ஓடிக்கொண்டிருந்த வெட்டலின் டயர் நரேனின் வண்டியில் உரசிக் கிழிந்தது. வெட்டல் திட்டித் தீர்த்தார்; நடுவர்கள் நரேனுக்கு 20 வினாடி தண்டனை கொடுத்தார்கள். தண்டனை கடுமைதான் என்பது என் கட்சி. அதே பந்தயத்தில் கொட்டும் மழையில், முழு மழை டயரோடு கிளம்பிய துணிச்சலால், அந்த உருப்படாத காரை 10-வது இடம் வரை நரேன் கொண்டுபோயிருந்தார். அதை யாரும் பேசவில்லை.

2005 இண்டியானாபோலிஸ் 4-வது இடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மிஷலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் விலகிய பிறகு ஆறு கார் மட்டும் ஓடிய பந்தயம் அது. இந்தியர் ஒருவர் எடுத்த முதல் ஐந்து புள்ளிகள். வரலாற்றில் இடமுண்டு, ரசிகனுக்குப் பெரிய தீனி இல்லை. அதே வருஷம் சுசுகாவில் மழையில் தகுதிச்சுற்றில் 11-வது இடம் பிடித்தாரே, அது சுவை. மழை வலுத்த பின் வந்தவர்களுக்கு டிராக் இன்னும் மோசமாக இருந்தது உண்மை. இருந்தாலும் ஈரத்தில் ஜோர்டான் காரை ஒரே சுற்றில் நேராக வைத்திருந்த கை அவருடையது.

மொத்தம் 46 ஃபார்முலா ஒன் பந்தயங்கள். அதோடு வீட்டுக்கு வந்துவிடவில்லை. 37 வயதில் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவுக்குப் போய் ஐந்து பருவம் ஓட்டினார். 2019-ல் கூரை போட்ட சூப்பர் ஜிடி கார். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய ஜப்பானியர் சடோரு நகாஜிமாவின் அணி, ஹோண்டா என்எஸ்எக்ஸ். அந்த நவம்பரில் ஃபூஜியில் ஜப்பானிய சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் ஒன்றாக மோதின. நகாஜிமா அணி வழக்கமாகப் போடுவது டன்லப் டயர். அன்று எல்லோருக்கும் ஒரே ஹான்கூக். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை 42 வயது நரேன் ஜெயித்தார். எல்லோருக்கும் ஒரே டயர் என்றதும் அவர் முன்னால் வந்ததில் எனக்கொன்றும் வியப்பில்லை.