ஒரு பெட்டிக்குள் மூன்று வன்தட்டுகள்

மருதமுனையில் அச்சக வேலை செய்யும் காக்கா ஒருவர் தன் பழைய கம்பியூட்டரின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பழசு ஒண்டும் போகாம செஞ்சி தாங்க, தம்பி." பென்டியம் மூன்று இயந்திரம் அது. கலியாணக் கார்ட், பள்ளிவாசல் நோட்டீஸ், நோன்பு கால நேர அட்டவணை, பாடசாலை மலர்கள், உள்ளூர்க் கவிஞர்களின் தொகுதிகள் என்று பல வருட வேலை அதற்குள் இருந்தது. எல்லாம் விண்டோஸ் 98இல், பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் அடித்தவை. புதிதாக வாங்கிய பிரின்டரோ அந்த விண்டோஸோடு பேச மறுத்தது. ஆகவே 98 ஒரு வன்தட்டில், எக்ஸ்பி இரண்டாவதில், லினக்ஸ் மூன்றாவதில் என்று முடிவு செய்தோம். பழைய போர்டில் நான்கு ஐடிஇ இடங்கள்தான். சிடி டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டால் மிச்சம் சரியாக மூன்று.

ஒரே தட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கொரு பணிசெயல் முறைமையை ஏற்றுவதுதான் பலரும் செய்வது. அதைவிட ஆளுக்கொரு தட்டு என்ற முறை உறுதியானது என்றே நான் நினைக்கிறேன். தட்டின் முதல் 512 பைட்டுக்குள்தான் இயந்திரத்தை எழுப்பும் குறிப்பும், பகுதிகளின் அட்டவணையும் இருக்கின்றன. அட்டவணையில் நான்கு பதிவுகளுக்கு மேல் இடமில்லை. புதிதாக ஏறும் விண்டோஸ், முன்னால் இருந்தவரைக் கேளாமல் அந்த எழுப்பும் குறிப்பைத் திருத்தி எழுதிவிடும். 98க்குப் பின் எக்ஸ்பி ஏற்றினால் தப்பலாம். எக்ஸ்பிக்குப் பின் 98 ஏற்றினால் எக்ஸ்பி எழும்பாது. தனித்தனித் தட்டுகளில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. ஒன்று பழுதானாலும் மற்றது எழும்பும்.

பயோஸ் எந்தத் தட்டை முதலில் எழுப்புகிறதோ, அந்தத் தட்டு தன்னையே முதலாவது என்று நம்புகிறது. தான் முதல் தட்டில் இருப்பதாகவே எண்ணிப் பழகிய 98க்கு இது பெரிய வசதி. லினக்ஸின் கிரப் தொடக்கியிலும் முதல் தட்டையும் இரண்டாவதையும் இடம் மாற்றிக் காட்டும் வழி உண்டு. இருந்தாலும் பயோஸில் தேர்ந்தெடுப்பதே சுத்தமான வழி. நடுவில் இன்னொரு மென்பொருள் இல்லை, ஆதலால் கெடுவதற்கும் ஒன்று குறைகிறது.

ஆனால் இந்த முறை தருவதாகச் சொல்லும் பிரிவு பல வேளைகளில் வெளித்தோற்றம்தான். எக்ஸ்பியை இரண்டாவது தட்டில் ஏற்றும்போது முதல் தட்டும் கேபிளில் இருந்தால், எக்ஸ்பி தன் தொடக்கக் கோப்புகளை முதல் தட்டிலேயே வைத்துவிடும். இரண்டும் தனித்தனியாக நிற்பது போலத் தெரியும். பிறகு ஒருநாள் முதல் தட்டைக் கழற்றினால் எக்ஸ்பியும் எழும்பாது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒன்றை ஏற்றும்போது மற்ற தட்டுகளின் கேபிளை உருவி வைக்க வேண்டும். சின்ன வேலை, இதைத் தவிர்த்தால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று எழுத்துப் பெயர்ச்சி. ஒவ்வொரு தட்டின் முதன்மைப் பகுதிக்கும் முதலில் எழுத்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே உட்பகுதிகளுக்கு வருவது 98இன் வழக்கம். காக்காவின் படங்கள் முழுக்க 'டி' என்ற பகுதியில் இருந்தன. புதுத் தட்டைப் பூட்டியதும் அது 'டி' ஆகி, பழைய 'டி' 'ஈ' ஆகிவிட்டது. பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தால் படம் எங்கே என்று கேட்கிறது. தொலைந்தது ஒன்றுமில்லை, ஆனால் அவர் முகம் வெளுத்துப் போனது. எக்ஸ்பி தட்டை என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த பிறகு அது 98இன் கண்ணிலேயே படவில்லை, பழைய எழுத்துகள் தம் இடத்துக்குத் திரும்பின. 98இன் அந்தக் குறை எங்களுக்குச் சுவராக உதவியது.

நேரத்திலும் இழுபறி உண்டு. விண்டோஸ் போர்டின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக வாசிக்கும். லினக்ஸ் அதை உலக நேரமாக வாசிக்கும். தட்டு மாறும்போதெல்லாம் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் குதிக்கிறது. லினக்ஸிடம் உள்ளூர் நேரம் என்று ஒரு வரி சொல்லிவைத்தால் போதும்.

இவற்றைவிட என்னை அலைக்கழித்தவை பட்டரியும் கடற்காற்றும். போர்டில் இருக்கும் காசு வடிவப் பட்டரி செத்துப்போனால், எந்தத் தட்டு முதலில் எழும்ப வேண்டும் என்பதையும் இயந்திரம் மறந்துவிடும். உப்புக் காற்றில் நினைவகச் சட்டத்தின் பொன்னிறக் காலிலும் கேபிள் முனையிலும் அழுக்கேறி, ஒரு தட்டு இன்று தெரியும், நாளை தெரியாது. ரப்பரால் தேய்த்துத் தேய்த்தே ஒரு மாரிகாலம் போனது. பட்டரி செத்தால் வரும் மறதிக்குப் பெரிய இயந்திரங்களும் விலக்கில்லை. 1989இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷனில் ஒவ்வொரு தட்டுக்கும் தனி இலக்கம் உண்டு, எழுப்ப வேண்டிய தட்டைப் பெயர் சொல்லியே அழைக்கலாம். எங்கள் பயோஸ் திரையைவிட அது எவ்வளவோ தெளிவான ஏற்பாடு. ஆனால் அதன் விருப்பங்களையும் வலையமைப்பு முகவரியையும் தாங்கிய சில்லுக்குள்ளேயே பட்டரி அடைத்து வைத்திருந்தது. அது தீர்ந்ததும் அந்த இயந்திரம் தன் அடையாளத்தையே மறந்தது.

இவையெல்லாம் உழைப்பால் தீரும் குறைகள். தீராத குறை வேறு. மூன்று தட்டு இருக்கிறது என்ற தைரியத்தில், மூன்று பிரதி இருப்பதாக மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு பொருள்; எதற்கும் இரண்டாவது இல்லை. மூன்றுக்கும் ஒரே பவர் சப்ளை, ஒரே பெட்டி, ஒரே மேசை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய கரை இது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் அன்றைக்குப் பட்டதை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எத்தனை தட்டில் இருந்தாலும், தண்ணீர் வந்தால் ஒரே பெட்டியோடு போகும்.

அப்படியானால் தட்டுகளைப் படியெடுத்துவிட்டு அந்தப் பழைய இயந்திரத்தைக் கழித்துவிடலாமே என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். பாமினி என் எண்ணத்தை மாற்றியது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. கோப்பில் கிடப்பது ஆங்கில எழுத்தா தமிழா என்பது எழுத்துருவின் பெயர் தெரிந்தால்தான் விளங்கும். ஒரு மலரில் வாழ்த்துச் செய்தி பாமினியில் இருக்கும், கீழே பெயரும் பதவியும் ஆங்கிலத்தில் இருக்கும். வெறும் எழுத்தை மட்டும் உருவி யூனிகோடுக்கு மாற்றினால் அந்த ஆங்கிலப் பெயரும் பொருளற்ற தமிழாகிவிடும். கொம்பு வேறு இருக்கிறது: 'கொ' என்பதைப் பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணில் படும் வரிசையில் அடிக்கிறோம். யூனிகோடிலோ ககரம் முன்னுக்கு வர வேண்டும். எந்த வரி எந்த எழுத்துருவில் என்ற விவரத்தைச் சிதறாமல் வெளியே எடுக்க, 98 தட்டை எழுப்பி, பேஜ்மேக்கரிலேயே கோப்பைத் திறந்து, ஆர்டிஎஃப் ஆக்குவதே நான் கண்டதில் நம்பத்தக்க வழி. அந்த வேலைக்காக இந்த ஏற்பாடு கட்டாயம் வேண்டும் என்பேன்.

மூன்றாவது தட்டின் மதிப்பும் இங்கேதான் தெரிந்தது. லினக்ஸை எழுப்பினால், 98 தட்டு அசையாமல் கிடக்கும்போதே அதை முழுவதுமாக ஒரே கோப்பாகப் படியெடுக்கலாம். ஆர்டிஎஃப் கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு, யூனிகோடுக்கு மாற்றும் வேலையையும் அங்கேயே செய்யலாம். மாற்றியதை ஒருவர் மூலத்தோடு வைத்துப் படிக்கத்தான் வேண்டும், அதைத் தவிர்க்க வழியில்லை. இதுவரை ஒரு கவிதைத் தொகுதியும் இரண்டு மலர்களும் முடிந்திருக்கின்றன.

காக்காவின் மகன் சம்மாந்துறையில் கலியாணம் முடித்து மனைவி வீட்டில் இருக்கிறார். கடலிலிருந்து தள்ளி, வயல்களுக்கு நடுவிலுள்ள ஊர். வெள்ளிக்கிழமைகளில் உம்மாவைப் பார்க்க வரும்போது அவரிடம் ஒரு பென் டிரைவைக் கொடுத்தனுப்புகிறோம், போன வாரத்தையதை அவர் திருப்பிக் கொண்டு வருகிறார்.