ஒலிபெருக்கியும் செவியும்

திருச்சபை புதிய கருவிகளைக் கண்டு அஞ்சுகிறது, பிறர் எடுத்துத் தேய்ந்த பின்னரே அவற்றைக் கையில் எடுக்கிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் குறை. வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு இக்குறை முழு உண்மையன்று என்பது விளங்கும். மார்க்கோனியே முன்னின்று அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931 பிப்ரவரி 12 அன்று உலகை நோக்கிப் பேசினார். அகில இந்திய வானொலி என்னும் பெயரே நம் நாட்டில் 1936-இல்தான் பிறந்தது. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது தமிழ். அதனை அச்சேற்றியவர்களும் மறைப்பணியாளர்களே. ஆகவே, கருவியை எடுத்தோமா என்பது நம் கேள்வியன்று. எடுத்த கருவியை எதற்குப் பயன்படுத்தினோம், பேசுவதற்கு மட்டுமா, கேட்பதற்குமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

இக்கேள்வியை உரோமையிலோ சென்னையிலோ நின்று எழுப்பாமல் பெண்ணாடத்தில் நின்று எழுப்புகிறோம். வெள்ளாற்றுப் படுகையில் நெல்லும் கரும்பும் விளையும் ஊர் இது. விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையே இரயில் வண்டிகள் கடந்து செல்லும் ஊர். பாடல் பெற்ற சிவத்தலம். புதுவை - கடலூர் உயர் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் வரும் இப்பகுதியில் கத்தோலிக்கர் சிறு தொகையினரே. பெரிய ஆலயங்களுக்கு ஒளிப்பதிவுக் குழுவும் தொலைக்காட்சி அலைவரிசையும் வாய்க்கலாம். இத்தகைய சிற்றூர்ப் பங்குகளுக்கு வாய்த்திருப்பது ஓர் அலைபேசியும் அதை இயக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களும்தான். புதிய ஊடகம் திருச்சபைக்கு உண்மையில் என்ன செய்யும் என்பதற்கான தேர்வு இங்கேதான் நடைபெறுகிறது.

ஊடகத்தைப் பற்றிப் பெண்ணாடம் பிறரிடம் பாடம் கேட்க வேண்டிய ஊரும் அன்று. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஊர் இதுவே என்பது சைவ மரபு. அந்நூல் 12 நூற்பாக்களே கொண்டது. 40 அடிகளில் ஒரு தத்துவம் முழுமையும் அடங்கிவிடுகிறது. ஓலை அரிதாகவும் நினைவே ஏடாகவும் இருந்த காலத்துக்கு ஏற்ற வடிவம் அது. ஆயினும் அந்நூல் வாழ்ந்ததற்குச் சுருக்கம் மட்டுமே காரணமன்று. ஆசிரியர் முன் மாணவர் அமர்ந்து வினவினார். அருணந்தி சிவாசாரியாரின் 'இருபா இருபஃது' தம் ஆசானை நோக்கி வினாக்களை அடுக்கும் நூலாகவே அமைந்திருக்கிறது. சொல்லுபவரும் கேட்பவரும் இடம் மாறிக்கொள்ளும் இத்தகைய உறவே ஒரு போதனையை நூற்றாண்டுகள் கடந்தும் உயிரோடு வைத்திருக்கிறது. நம் மறைக்கல்வியாளர் இதனைக் கருத்தில் கொள்வது நலம்.

இனி நம் சொந்த வரலாற்றுக்கு வருவோம். 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு மறைக்கல்வி நூல் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்தோ உரோமன். அதை அச்சிட்ட கருவி அன்றைய ஐரோப்பாவின் புதுமை. ஆனால் முத்துக்குளித்துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் அதை எடுத்து வாசிக்க இயலாது. 24 ஆண்டுகள் கழிந்தபின், 1578-இல் கொல்லத்தில், அண்ட்ரீக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. 16 பக்கங்களே உடைய நூல். அடிகளார் முதலில் அச்சுப்பொறியைத் தேடவில்லை. கடற்கரை மக்களிடையே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, அவர்கள் பேச்சைக் கேட்டு, தமிழுக்கு இலக்கணக் குறிப்பும் எழுதிய பிறகே அச்சுக்குச் சென்றார். அச்சுச் செலவுக்கு அம்மக்களே பொருள் நல்கினர். இரண்டு நூல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு பொறியின் வேறுபாடன்று, செவியின் வேறுபாடு.

இன்று நம் பங்குகளின் வாட்ஸ்அப் குழுக்களில் உலவும் செய்திகளைப் பாருங்கள். திருப்பலி நேரமும் பாடல் வரிகளும் செபங்களும் உரோமன் எழுத்தில் எழுதிய தமிழாக வந்து விழுகின்றன. தட்டச்சு செய்பவருக்கு அது எளிது. பள்ளியில் தமிழ் மட்டுமே பயின்ற பாட்டிக்கு அது 1554-ஆம் ஆண்டின் நூல். 400 ஆண்டுகளுக்கு முன்பே கடந்து வந்த இடத்துக்கு, கையில் புதிய கருவியோடு நாம் திரும்பிப் போகிறோம்.

பெண்ணாடத்தின் அண்டை நகரான விருத்தாசலத்தின் வட்டாரத்தில்தான் கோணான்குப்பம் உள்ளது. பெரியநாயகி அன்னையின் திருத்தலம் அது. வீரமாமுனிவரின் நினைவோடு பிரிக்க இயலாதது. அம்முனிவரைத் தேம்பாவணியின் ஆசிரியராகவும் சதுரகராதியின் தந்தையாகவும் போற்றுகிறோம். அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் எழுத்துச் சீர்திருத்தத்தை அந்த அளவுக்கு எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய முறையில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி இட வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். 'எடு' என்பதா, 'ஏடு' என்பதா, 'பெண்' என்பதா, 'பேண்' என்பதா என்று வாசிப்பவர் தடுமாறினார். நம் ஊரின் பெயரே அத்தடுமாற்றத்துக்கு உட்பட்டதுதான். புள்ளியைக் கைவிட்டு, நெடிலுக்கு ஒரு சிறு கோடும் மேலே சுழித்த இரட்டைக் கொம்பும் தந்ததனால் அது தீர்ந்தது. கருவியின் குறையால் வாசகர் படும் துன்பத்தைக் கவனித்து, அதைத் தீர்க்க ஒரு சிறு கோட்டை இழுப்பதும் நற்செய்திப் பணியே. தொழில்நுட்பத்தைத் திருச்சபை தழுவிக்கொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் மண்ணில் இல்லை.

இதே முனிவரின் வாழ்வு நமக்கு ஒரு கசப்பான பாடத்தையும் வைத்திருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் அவர் தோழர்களும் 1713 முதல் தமிழ் எழுத்துகளில் அச்சிடத் தொடங்கினர். வீரமாமுனிவர் அவர்களோடு சமயக் கருத்தில் கடுமையாக மோதியவர். அவர்களை மறுத்து நூல்கள் எழுதியவர். ஆயினும் இலத்தீனில் அவர் இயற்றிய பேச்சுத் தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது அந்தத் தரங்கம்பாடி அச்சகத்திலேதான். தேம்பாவணியோ அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் புதுவையில் அச்சாயிற்று. அதுவரை ஓலையிலேயே உலவியது. 1578-இல் தமிழ் அச்சுக்கு வழி திறந்தவர்களின் வாரிசுகள் 18-ஆம் நூற்றாண்டில் வழி மறந்து நின்றனர். கருவியை முதலில் எடுத்தோம் என்னும் பெருமை, அதைத் தொடர்ந்து பேணாதவரைக் காப்பாற்றுவதில்லை.

இக்கதை நம் காலத்திலும் மீண்டும் நிகழ்ந்தது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தது. தேம்பாவணியும் அதில் இடம்பெற்றது. உலகில் எந்த மூலையில் இருக்கும் தமிழரும் அந்நூலைக் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்தவர்கள் மறைமாவட்டத்தினர் அல்லர், மொழியின்மீது பற்றுடையோர். அவர்களுக்கு நன்றி கூறுவோம். அதோடு நம்மை நாமே ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்வோம்.

திருச்சபையின் ஏடுகளிலும் இந்த இரு போக்குகளின் இழுபறியைக் காணலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டது. இறுதி வாக்கெடுப்பில் 1960 பேர் ஆதரித்தனர், 164 பேர் எதிர்த்தனர். சங்கத்தின் இறுதி வாக்கெடுப்புகளில் இது சிறிய எதிர்ப்பு அன்று. சாதனங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் நெறியையும் பற்றி அது மிகுதியாகப் பேசியது. மறுமுனையில் இருப்பவரின் குரலைப் பற்றிக் குறைவாகவே பேசியது என்பது நம் மதிப்பீடு. அதன் தொடர்ச்சியாக 1971-இல் வந்த மேய்ப்புப் பணி ஏடு அக்குறையை நிறைத்தது. திருச்சபைக்குள்ளும் பொதுக்கருத்து உண்டு, உரையாடல் வேண்டும் என்று அது துணிந்து கூறியது. 2002-இல் இணையம் பற்றி வெளியான ஏடு, மெய்நிகர் உலகம் நற்கருணைப் பிரசன்னத்துக்கு ஈடாகாது என்று எல்லை வகுத்தது. 2023 மே 28 அன்று சமூக ஊடகம் குறித்து வெளிவந்த சிந்தனை நல்ல சமாரியர் உவமையை மையமாகக் கொண்டது. வழியில் கிடப்பவரைக் கண்டு நிற்கிறோமா என்பதே அதன் வினா. ஏடுகள் செவியை நோக்கி நகர்ந்துள்ளன. நம் நடைமுறை அவற்றோடு நகர்ந்ததா?

2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்று நம்மை ஒரே வாரத்தில் இணையத்துக்குள் தள்ளியது. மார்ச் 27 அன்று மழை நனைத்த வெறுமையான பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று செபித்ததை உலகம் திரைகளில் கண்டது. அவ்வாண்டு வேளாங்கண்ணிப் பெருவிழாவும் திருப்பயணிகளின்றி, நேரலையாகவே பெரும்பாலோரைச் சென்றடைந்தது. அந்நாள்களில் நேரலைத் திருப்பலி பலரின் நம்பிக்கையைத் தாங்கிப் பிடித்தது என்பதை நாம் மறுக்கவில்லை. இன்றும் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும், வளைகுடா நாட்டில் கட்டடப் பணியிலிருந்து அறைக்குத் திரும்பித் தம் ஊர்த் தேர்பவனியைக் கையகலத் திரையில் காணும் தொழிலாளிக்கும் அது அருமருந்தே.

ஆனால் இடர் நீங்கியபின் எஞ்சியிருப்பது என்ன? ஒளிப்படக் கருவி பீடத்தையே நோக்கி நிற்கிறது. மக்கள் பக்கம் திரும்புவதே இல்லை. மறையுரை ஒலிக்கிறது, கீழே 'ஆமென்' என்னும் சொல்லும் கூப்பிய கைகளின் படமும் வரிசையாக வந்து குவிகின்றன. எத்தனை பேர் பார்த்தனர் என்று எண்ணுகிறோம். என்ன கேட்டனர் என்று எண்ணுவதில்லை. அன்பியக் கூட்டத்தில் எழும் வினா ஒருநாளும் அந்தத் திரைக்கு வருவதில்லை. கோபுரத்தின் மேல் கட்டிய ஒலிபெருக்கி இணையத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. ஒலிபெருக்கிக்கு வாய் உண்டு, செவி இல்லை.

மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியை நினைவுகூர்வோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். சிற்றலையின் இரைச்சலுக்கு நடுவே அக்குரலைத் தேடிப் பிடித்த நேயர்கள் அஞ்சலட்டையில் தம் எண்ணங்களை எழுதி அனுப்பினர். கடல் கடந்து வந்த கடிதத்துக்கு மதிப்பு இருந்தது. 2018-இல் அவ்வானொலி சிற்றலையை விடுத்து இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. நொடியில் மறுமொழி அனுப்பும் வசதி இன்று அனைவர் கையிலும் இருக்கிறது. மறுமொழியை எதிர்பார்க்கும் மனநிலைதான் அரிதாகிவிட்டது.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்துள்ளது. ஞாயிறு மறையுரையைக் கணத்தில் எழுதித் தரும் கருவி அருட்பணியாளரின் மேசைமேல் இருக்கிறது. 2025 ஜனவரி 28 அன்று வத்திக்கான் இதுபற்றி விரிவான ஏடு ஒன்றை வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் பெயரைத் தேர்ந்ததற்கு இக்கருவி எழுப்பும் உழைப்பு, மனித மாண்பு பற்றிய வினாக்களையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். அந்தக் கருவி இலக்கணப் பிழை திருத்தட்டும், மொழிபெயர்ப்பில் உதவட்டும். ஆயினும், இவ்வாண்டு கரும்புப் பணம் வராத வீட்டில் எப்படி விழா கொண்டாடினார்கள் என்பதை அது அறியாது. அதை அறிய ஒருவர் அந்த வீட்டுத் திண்ணையில் சென்று அமர வேண்டும்.

எனவே, பெண்ணாடம் போன்ற பங்குகளுக்குப் பொருந்தும் சிலவற்றை முன்வைக்கிறோம். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பங்கின் செய்திகள் அனைத்தும் தமிழ் எழுத்தில் வரட்டும். வாசிக்க இயலாதோர்க்கு அதே செய்தியைக் குரலில் பதிந்து அனுப்பட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, மறையுரைக்கு முன்னரே, அவ்வார வாசகத்தைப் பற்றி மக்கள் கேட்கும் வினாக்களை இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று அலைபேசியில் பதிந்து வரட்டும். மறையுரை அவற்றுக்குப் பதிலாக அமையட்டும். முதியோர் நினைவில் மட்டும் வாழும் தவக்காலப் புலம்பல்களையும் வாசகப்பா நாடகப் பாடல்களையும் அவர்கள் இசைவோடு ஒலிப்பதிவு செய்து மறைமாவட்டம் பேணிக் காக்கட்டும். நம் பழைய இதழ்களும் நூல்களும் கரையானுக்கு இரையாகும் முன் எண்ணிமமாக்கப்பட்டு, எவரும் படிக்கத் திறந்து வைக்கப்படட்டும். திருமுழுக்குப் பதிவேடுகள் போன்றவை தனி மனிதரின் வாழ்வு சார்ந்தவை. அவற்றைப் பாதுகாப்போம், பரப்ப வேண்டாம்.

எம்மாவுசுக்குச் சென்ற சீடரிடம் உயிர்த்த ஆண்டவர் முதலில் போதிக்கவில்லை. வழியில் உடன் நடந்தார். என்ன பேசிக்கொண்டு செல்கிறீர்கள் என்று வினவினார். அவர்கள் ஏமாற்றத்தை முழுவதும் கேட்டார். பிறகே மறைநூலை விளக்கினார். அப்போதும் அவர்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அப்பத்தைப் பிட்டபோதே கண்டுகொண்டனர். ஊடகம் அந்த வழி போன்றது, பந்தி அன்று. வழியிலேயே பந்தி முடிந்துவிட்டதாக எண்ணுவது ஒரு தவறு. பந்தி இருக்கிறதே என்று வழியில் நடக்க மறுப்பது மற்றொரு தவறு. அடுத்த விழாவுக்கு ஒளிபரப்புக் குழுவை அமர்த்தும் முன், நம் பங்குப் பேரவைகள் கேள்விகளைக் கேட்டு வரும் குழு ஒன்றையும் அமைக்குமாயின், இந்தப் புதிய கருவியால் நாம் பெறும் முதற்பயன் அதுவாகும்.