சிரிப்புக்குரிய உடம்பு

‘புளிமூட்டை’ ராமசாமி முதல் ‘குண்டு’ கல்யாணம் வரை உடம்பையே பெயராக்கிச் சிரித்தது தமிழ்ச் சினிமா. 2015இல் வெளியான ‘இஞ்சி இடுப்பழகி’ பருமனான பெண்ணை நாயகியாக்கி, எடை குறைப்பு நிலையமொன்றின் மோசடியை எதிர்க்க வைத்தது. பாராட்டத்தக்கதே. எனினும், அப்பாத்திரத்துக்காக அனுஷ்கா எடை கூட்டி நடித்தார். இயல்பிலேயே பருமனான நடிகை எவருக்கும் அவ்விடம் வாய்க்கவில்லை.

கஹவத்தையில் எங்கள் வீட்டில் அப்படத்தைப் பார்த்தோம். மகளுக்கு வரன் அமையவில்லையே எனத் தாயாக வரும் ஊர்வசி தவிக்கையில் உம்மாவும் நானும் சிரித்தோம். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவளது உடம்பைச் சொல்லி மறுத்து ஒரு மாதமும் ஆகியிருக்கவில்லை. அவளுக்காகப் பேசவந்த படம், அவளைப் பார்த்துச் சிரிக்கவே எங்களுக்கு இடம் வைத்திருந்தது. அது படத்தின் குறை மட்டுமல்ல, எங்களுடையதும்தான்.